ப்ரௌல்: பதுங்கலா, அலைச்சலா?

ஆங்கில 'ப்ரௌல்' (prowl) என்ற வினையைப் பலரும் 'பதுங்கு' என்று மொழிபெயர்க்கிறார்கள். பாதிதான் சரி. பதுங்குவது ஓரிடத்தில் ஒடுங்குவது. ப்ரௌல் செய்யும் விலங்கோ நடந்துகொண்டே இருக்கும். 'இரை தேடி ஓசைப்படாமல் சுற்றுதல்' நெருக்கமாக வரும்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது 'ப்ரோல்லென்'. அப்போது வெறும் தேடி அலைதல்தான். அக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் ரசவாதியின் பணியாள், எவ்வளவு 'ப்ரோல்' செய்தாலும் தேடுவது அகப்படாது என்கிறான். கொள்ளை, இரை வாடையெல்லாம் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டியது. முதலில் 'ரோல்' போலத்தான் ஒலித்தது. எழுத்துக்கூட்டல் மாற, நாக்கும் பின்னால் போனது (வழக்கமாக நேர்மாறாக நடக்கும்). வேர்ச்சொல் யாருக்கும் பிடிபடவில்லை.

பதுங்குவதைக் குறிக்கும் 'ஸ்கல்க்' (skulk) வேறு: ஸ்காண்டிநேவிய வரவு. டேனிஷில் அதன் உறவான 'ஸ்குல்கெ' பள்ளிக்கு மட்டம் போடுவதைக் குறிக்கும்.