மாநில எல்லை தாண்டினால் ஜிஎஸ்டியின் 40 லட்சக் கணக்கு செல்லாது

தனிநபர் கடைக்குத் தனி பான் (வருமான வரி எண்) வேண்டாம். உரிமையாளரின் பானே போதும். கூட்டு நிறுவனமென்றால் ஒப்பந்தம் எழுதியதுமே அதன் பெயரில் புது பான் எடுக்கணும். அதில் நான்காம் எழுத்து ‘எஃப்’.

பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவைக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் 30 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவு. நம்ம குமரி மாவட்டத்தில் பலர் சறுக்குவது கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில்தான். மார்த்தாண்டத்திலிருந்து கேரளத்தின் பாறசாலைக் கடைக்கு நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் முதலிலேயே பதிவு வேண்டும்.

ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 15: தொடக்கத்தில் தமிழ்நாட்டின் குறியீடு 33, அடுத்த பத்தும் உங்கள் பான். விண்ணப்பம் பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான் நிற்கும். கரண்ட் பில் அப்பா பெயரிலிருந்தால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். பான், ஆதார் இரண்டிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.