பேக்கேஜ்பில்ட் எழுதப் பழகும் சேலத்து நண்பர்களுக்கு

ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பேக்கேஜ் கட்டுகிறீர்களா? அதை எப்படிக் கட்டுவது என்று எழுதிவைக்கும் கோப்புதான் பேக்கேஜ்பில்ட். அதன் பில்ட் பகுதிக்குள் கிட் குளோன், கர்ல் என்று இணையத்திலிருந்து இறக்கும் கட்டளை எதையும் வைக்காதீர்கள். இறக்கவேண்டிய கோப்பெல்லாம் சோர்ஸ் வரிசையில் இருக்கட்டும். அப்போதுதான் பேக்கேஜைக் கட்டும் கருவியான மேக்பேக்கேஜ் முதலிலேயே இறக்கி, செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்துவிட்டுக் கம்பைலைத் தொடங்கும். இல்லையென்றால் ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் போன நேரம் பாதிக் கம்பைலில் நிற்கும்.

செக்சம் பொருந்தவில்லை என்றால் உடனே அதன் இடத்தில் ஸ்கிப் (சரிபார்க்க வேண்டாம்) என்று போடுவது பெரிய தப்பு. கிட் போன்ற மூலத்துக்கு அது சரி. புதிய செக்சத்தைத் தானாக எழுதவிட்டாலும் ஆபத்துதான். இறங்கிய கோப்பே கெட்டிருந்தால் அந்தக் கெட்டதற்கே முத்திரை குத்தியதாகிவிடும். மென்பொருளை எழுதியவர்கள் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பிகேஜிடிர், எஸ்ஆர்சிடிர் என்று ஃபோல்டர் பாதையைத் தாங்கும் இரண்டு மாறிகளையும் எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஒருவர் 'சேலம் வேலை' என்ற ஃபோல்டரில் கட்டினால், மேற்கோள் இல்லாத பாதை நடுவில் இருக்கும் இடைவெளியில் உடைந்து இரண்டாகிவிடும்.

மென்பொருளின் பதிப்பு எண் மாறினால், அதே பதிப்பை எத்தனையாவது முறை கட்டுகிறோம் என்று சொல்லும் பிகேஜிரெல் மறுபடி 1. மறக்கவே கூடாது!

உங்கள் கணினியில் ஓடுகிறது என்று நம்பி அனுப்பாதீர்கள். சுத்தமான குரூட்டில் (அடிப்படைப் பேக்கேஜ்கள் மட்டும் உள்ள தனிச் சூழலில்) ஒருமுறை கட்டினால்தான் விட்டுப்போன டிபென்டன்சி, அதாவது தேவைப்படும் வேறு பேக்கேஜ், தெரியும். பிறகு பேக்கேஜில் பிழை தேடும் நேம்கேப் கருவியை ஓட்டுங்கள்.