கேஸ் ஷீட்டில் ஒரு வரி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் தம்பியும் என்னோடு ஏலத்தோட்டத்துக்கு வந்தான். விடியற்காலை கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் போய், மாலையில் திரும்புவது எனக்குப் பத்து வருடப் பழக்கம். பெண்களுக்குக் காய் எடுப்பு. அவனுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் ஓஸ் குழாயை இழுக்கிற வேலை. “பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்” என்றார் கங்காணி. அவனுக்கு வயது 16.

ஓஸ் இழுப்பவன் மருந்தடிப்பவருக்குப் பின்னாலேயே போக வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். அடித்த இலைகள் சொட்டச் சொட்ட அவற்றுக்குள் நுழைந்து வர வேண்டும். போதாததற்கு ஓஸின் இணைப்பு கசிந்து அவன் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. கையுறை கிடையாது. மூக்கை மறைக்க ஒரு கைக்குட்டை மட்டும்.

மூன்று மணிக்கு வாந்தி எடுத்தான். வெயில் மயக்கம் என்று கஞ்சித்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நானும் நம்பினேன். எச்சில் ஒழுகி, கண்பாவை ஊசிமுனையாகச் சிறுத்து, தொடைச் சதை தானாகத் துடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஜீப்பில் ஏற்றினோம்.

மருத்துவமனை வாசலில் “மருந்து, மருந்து” என்று கத்தினேன். “மருந்நு கழிச்சதாணோ?” என்று கேட்டார் செவிலியர். தலையாட்டிவிட்டேன். மலையாளத்தில் கழிப்பது என்றால் உட்கொள்வது. எனக்குத் தெரியாத சொல்லா? அந்த நேரத்தில் மருந்து என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நம் ஊரிலும் ‘மருந்து குடித்துவிட்டான்’ என்றால் தற்கொலை முயற்சி என்றுதானே பொருள்! மூக்கு வழியே குழாய் இறக்கி வயிற்றைக் கழுவினார்கள். நனைந்த சட்டையோ உடம்பிலேயே இருந்தது. இன்னொரு மருத்துவர் வந்து சட்டையை முகர்ந்து பார்த்த பிறகுதான் துணியைக் களைந்து, தலைமுடி முதல் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அதுவரை தோல் வழியாக விஷம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எந்த மருந்து என்று கங்காணி சொல்லவில்லை. உடன் வேலை செய்யும் சித்தி காலி பாட்டிலை மடியில் கட்டி எடுத்து வந்தார். குயினால்பாஸ் என்ற பூச்சிக்கொல்லி. லேபிளில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி மஞ்சள்; கடும் விஷம் என்பதற்கான அடையாளம். முறிவு மருந்து அட்ரோபின் என்றும் அதிலேயே இருந்தது. அட்ரோபின் ஊசி ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். ஐந்தாம் நாள் தம்பி, “அக்கா, நான் குடிக்கவில்லை” என்றான். யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

கேஸ் ஷீட்டில் ‘விஷம் அருந்தியது’ என்று இருந்தது. என் தலையாட்டலுக்கு வந்த வரி அது. அப்படியே விட்டால் தோட்டத்துக்குப் பொறுப்பே இல்லை. தம்பியின் வாக்குமூலத்தையும் பாட்டிலையும் காட்டி மூன்று நாள் அலைந்தேன். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘தெளிப்பு வேலையின்போது தோல் வழியாகவும் சுவாசம் வழியாகவும்’ என்று எழுதி வாங்கிய பிறகே படுக்கையைக் காலி செய்தோம்.

அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிப்பவர்களும் அடக்கம் என்பதைத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர்தான் சொன்னார். விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கும் பகுதியின் இழப்பீட்டு ஆணையரிடமே அந்தச் சட்டப்படி மனுக் கொடுக்க முடிந்தது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டியிருந்தது. தோட்டத்துப் பேரேட்டில் தம்பியின் பெயர் இல்லை. “அக்காவோடு சும்மா வந்த பையன்” என்றார்கள். ஜீப் ஓட்டுநர் ஆள் கணக்கு எழுதும் நோட்டில் அவன் வேலைக்கு வந்த பன்னிரண்டு நாளும் அவன் பெயர் இருந்தது. மனுவோடு அதன் நகலையும் இணைத்தோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது வேறு தோட்டத்துக்குப் போகிறேன். போன வாரம் அங்கே ஓஸ் இழுக்க மீசை அரும்பாத ஒரு பையன் வந்திருந்தான். அவன் பெயரை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, கங்காணியிடம் சண்டை போட்டு, என் பக்கத்து வரிசையில் காய் எடுக்க அழைத்துக்கொண்டேன்.