லாகின் இல்லாமல் பக்கம் பார்ப்பவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் விடிய விடிய மழை கொட்டினால், காலையில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: இன்றைக்கு ஸ்கூல் லீவா? ஆடி மாதத்தில் அதே கேள்வி கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கேட்கும். மேட்டுப்பாளையத்தில் காலை 7:10க்குக் கிளம்பும் மலை ரயில் ஓடுகிறதா, பர்லியாருக்கு மேலே மண்சரிவா, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறலாமா என்பதும் அப்படியே. இதற்கெல்லாம் பதில் இப்போது முதலில் வருவது எக்ஸிலும் (பழைய ட்விட்டர்) ஃபேஸ்புக்கிலும்தான். ஹோம்ஸ்டேக்காரர், வீட்டில் கேக் செய்து விற்பவர், டாக்ஸி ஓட்டுபவர் எல்லாரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். இவை எதிலும் கணக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நம் மலையில் நிறையவே உண்டு. அது நியாயமான முடிவு. ஒரு லீவு அறிவிப்பைப் படிக்க ஒருவர் தன் போன் நம்பரையும் பிறந்த தேதியையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

கணக்கு இல்லாமல் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் அப்படிப் பார்ப்பவருக்கு முழுப் பக்கமும் தெரியாது. வெளியாட்களுக்கு என்று அந்த நிறுவனம் ஒதுக்கிவைத்த ஒரு துண்டுதான் தெரியும். எவ்வளவு துண்டு, எந்த வரிசையில் என்பது தளத்துக்குத் தளம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பதில்தான் ஆபத்து.

எக்ஸில் இது மிக மோசம். 2023 ஜூன் 30 அன்று கணக்கில்லாதவர்களுக்கு மொத்தமாகக் கதவைச் சாத்தினார்கள். சில நாட்களில் தனிப் பதிவுகளை மட்டும் மறுபடி திறந்துவிட்டார்கள். ஆகவே யாராவது அனுப்பிய பதிவின் லிங்க் திறக்கும், ஆனால் அதற்குக் கீழே உள்ள பதில்கள் தெரியாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய அறிவிப்பை இரண்டு மூன்று பதிவாக உடைத்துப் போடும்போது தொடர்ச்சி எல்லாம் முதல் பதிவின் கீழே பதிலாகத்தான் இருக்கும். 'குன்னூர், கோத்தகிரி தாலுகாக்களுக்கு விடுமுறை' என்பது முதல் பதிவிலும், 'கல்லூரிகளுக்குப் பொருந்தாது' என்பது இரண்டாவதிலும் இருந்தால், லாகின் இல்லாதவருக்கு இரண்டாவது வந்து சேராது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒருவரின் பக்கத்தை நேரடியாகத் திறப்பது. லாகின் இல்லாமல் திறந்தால் அங்கே பதிவுகள் கால வரிசையில் இருக்காது. அதிகம் பேர் விரும்பிய பதிவுகள் மேலே வரும், அவை இரண்டு மூன்று வருஷம் பழையதாகவும் இருக்கும். மழை லீவு அறிவிப்புக்குத்தான் லைக் குவியும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆக, ஒரு மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தை அப்படித் திறந்தால் என்றைக்கோ விட்ட லீவு இன்றைக்குப் போட்டதுபோல முதலில் நிற்க வாய்ப்பு அதிகம். எனவே பதிவின் தேதியைப் பார்க்காமல் பிள்ளையின் சீருடையை மடித்து வைக்காதீர்கள். தேதியில் மாதமும் நாளும் மட்டும் இருந்தால் இந்த வருஷப் பதிவு. பழைய வருஷமாக இருந்தால் வருஷமும் சேர்ந்து வரும். 'நான்கு மணி நேரம் முன்பு' என்பது போல இருந்தால் புதுசு. எக்ஸில் ஒருவரின் புதிய பதிவுகளைக் கணக்கில்லாமல் வரிசையாகப் படிக்க நிட்டர் என்ற இலவச மென்பொருளை வைத்துச் சிலர் தளங்கள் நடத்தினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ் அதற்கான வழியை அடைத்ததும் பெரும்பாலானவை நின்றுவிட்டன. இன்று ஓடுவது நாளை ஓடும் என்று நம்பி அவசரத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சுற்றும் லீவு அறிவிப்பு பெரும்பாலும் படமாகத்தான் வரும். படத்தை முன்னே அனுப்பும்போது மூலப் பதிவின் தேதி கூடவே வராது. நீலகிரியில் ஆறு தாலுகா. சில நாள் மாவட்டம் முழுக்க லீவு, சில நாள் இரண்டு தாலுகாவுக்கு மட்டும். படத்துக்குள்ளேயே நாள் அச்சாகி இருக்கிறதா, எந்தத் தாலுகா என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத படத்தை நம்பக் கூடாது, அடுத்த குரூப்புக்கு அனுப்பவும் கூடாது.

ஃபேஸ்புக் கொஞ்சம் தாராளம். அரசுத் துறை, செய்தி நிறுவனம், கடை ஆகியவற்றின் பொதுப் பக்கங்கள் லாகின் இல்லாமல் திறக்கும். திறந்ததும் லாகின் பெட்டி ஒன்று குறுக்கே வந்து நிற்கும். அதன் மூலையில் பெருக்கல் குறி இருக்கும், அதைத் தட்டினால் மூடிக்கொள்ளும். சில பதிவுகள் கீழே போனதும் மறுபடி வரும், இந்த முறை பெருக்கல் குறி இருக்காது. அதற்குமேல் தள்ள முடியாது. ஆனால் தேவையான பதிவு கண்ணில் பட்டுவிட்டால், அதன் மேலே உள்ள தேதியை அழுத்திப் பிடித்துப் புதிய டேபில் திறங்கள். அது அந்தப் பதிவின் தனி முகவரி, தடுப்புப் பெட்டி பெரும்பாலும் அங்கே மூடக்கூடியதாக இருக்கும். கம்ப்யூட்டரில் போனைவிட அதிகப் பதிவுகள் தெரியும். போனில்தான் பார்க்க வேண்டும் என்றால் குரோமின் மூன்று புள்ளி மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைப் போட்டுப் பாருங்கள்.

முகப்பில் முதலில் நிற்கும் பதிவு 'பின்' குத்தி வைத்ததாக இருக்கலாம். ஒரு வருஷம் முன்பு குத்தியது அப்படியே நிற்கும். இன்ஸ்டாகிராமில் அப்படி மூன்று பதிவுகள் வரை மேலே குத்தி வைக்க முடியும். அதனால் 'முதலில் இருப்பதுதான் புதிது' என்ற கணக்கு எந்தத் தளத்திலும் வேண்டாம்.

தனி நபர் பக்கம், மூடிய குழு ஆகியவை லாகின் இல்லாமல் தெரியாது. ஊர் வாடகை வீடு, பழைய சாமான் குழுக்கள் பெரும்பாலும் மூடியவை. இதற்குக் குறுக்குவழி தேடுவதும் சரியல்ல. அங்கே எழுதியவர்கள் உறுப்பினருக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே உள்ள சில படங்கள் தெரியும். ஒரு படத்தைத் தட்டினால் லாகின் கேட்கும். தட்டாமல், அழுத்திப் பிடித்துப் புதிய டேபில் திறந்தால் பல சமயம் கேட்காது. அப்படியும் கேட்டால், பதிவின் முகவரிக் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு 'எம்பெட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துத் திறங்கள். மற்ற தளங்கள் தங்கள் பக்கத்தில் பதிவை ஒட்டிக்கொள்ள இன்ஸ்டாகிராமே கொடுத்திருக்கும் வடிவம் அது. படம் மட்டும் வந்து எழுத்து வராவிட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு சாய்கோடும் 'கேப்ஷன்ட்' (captioned) என்ற சொல்லும் சேர்க்க வேண்டும். சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் இடங்களில் இந்த வடிவம் முழுப் பக்கத்தைவிட லேசு என்பது கூடுதல் நன்மை. ஸ்டோரிகளுக்கு மட்டும் இது எதுவும் செல்லாது. ஸ்டோரி பார்க்கக் கணக்கு வேண்டும், பதிவிட்ட 24 மணி நேரத்தில் அது மறைந்தும் போகும். ஆகவே ஒரு கடை தன் விலையை ஸ்டோரியில் மட்டும் போடுகிறது என்றால் போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

தேடுபொறி வழியாகவும் வரலாம். 2025 ஜூலை 10 முதல் தொழில்முறை இன்ஸ்டாகிராம் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலில் வர அனுமதி இருக்கிறது. 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதி, பிறகு இடைவெளி விட்டுக் 'கோத்தகிரி ஹோம்ஸ்டே' என்பது போலத் தேடுங்கள். மழை நேரத்துச் செய்தி என்றால் தேடலில் 'டூல்ஸ்' தட்டி, கடந்த 24 மணி நேரம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். முன்பு கூகுளில் பழைய நகலைத் திறக்க ஒரு வசதி இருந்தது. 2024இல் அதை எடுத்துவிட்டார்கள், இன்னும் அதைச் சொல்லித்தரும் குறிப்புகளைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டெலிகிராம் நமக்குச் சாதகமானது, ஆனால் பலருக்கும் தெரியாது. பொதுச் சேனலின் லிங்கைத் திறந்தால் 'செயலியில் பார்' என்றுதான் காட்டும். முகவரியில் 'டி டாட் மீ' என்பதற்கும் சேனல் பெயருக்கும் நடுவே ஆங்கில எழுத்து 'எஸ்' ஒன்றைச் சாய்கோட்டுடன் நுழைத்தால், பிரவுசரிலேயே பதிவுகள் கால வரிசையில் வரும். கணக்கு, செயலி, போன் நம்பர் எதுவும் வேண்டாம். சேனலுக்கு மட்டும்தான் இது, குழுவுக்கு இல்லை. வாட்ஸ்அப் சேனலில் இந்த வசதி கிடையாது, படிக்கச் செயலி வேண்டும்.

யூடியூபில் பெரும்பாலும் எதையும் மறைக்கவில்லை, வயது வரம்பு போட்டவை, உறுப்பினருக்கு மட்டும் என்று போட்டவை தவிர. சப்ஸ்கிரைப் செய்வதற்குத்தான் கணக்கு கேட்பார்கள். அதற்கும் மாற்று இருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை (புதிதாக வருவதை வேறு செயலியில் படிக்கத் தரும் பட்டியல்) உண்டு, கடைசி 15 வீடியோக்களைத் தேதியோடு தரும். ஆர்எஸ்எஸ் செயலியில் சேனலின் முகவரியை ஒட்டினால் பெரும்பாலானவை அதைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் நியூபைப் என்ற செயலி இன்னும் எளிது. நீங்கள் பின்தொடரும் பட்டியல் உங்கள் போனிலேயே இருக்கும், கூகுள் கணக்கு கேட்காது. அது பிளே ஸ்டோரில் கிடைக்காது, எஃப் டிராய்ட் என்ற தளத்தில் எடுக்க வேண்டும். போன் மாற்றும்போது பட்டியலைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் போய்விடும்.

இவ்வளவும் செய்து, நேற்றுத் திறந்த பக்கம் இன்று லாகின் கேட்டால் உங்கள் மேல் தவறு இல்லை. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) லாகின் இல்லாமல் நிறையப் பேர் பார்த்தால் தளம் கதவை இறுக்கிவிடும். மொபைல் டேட்டாவில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்கிறோம், யாரோ பார்த்ததற்கும் சேர்த்து உங்களுக்குப் பூட்டு விழும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுத்தால் வேறு முகவரி கிடைக்கலாம். அதோடு குக்கியையும், அதாவது தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பையும், துடைக்க வேண்டும். மூடியதும் குக்கியை அழித்துவிடும் இன்காக்னிட்டோ ஜன்னலில் பார்ப்பதே நல்லது. ஆனால் ஒரு டேபை மூடி இன்னொன்று திறந்தால் போதாது. திறந்திருக்கும் எல்லா இன்காக்னிட்டோ டேபும் ஒரே குக்கியைப் பகிர்கின்றன. அத்தனையும் மூடினால்தான் புதிதாகத் தொடங்கும்.

பெட்டி வந்து பக்கத்தை மறைப்பது மட்டும் தொல்லை என்றால், ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு அதில் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து அகற்ற அதில் வசதி உண்டு. பெட்டி போன பிறகும் பக்கம் நகராமல் உறைந்து நின்றால், நகர்வதையும் சேர்த்துத் தளம் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே தனிப் பதிவின் முகவரிக்குத் திரும்புவதே மேல்.

லிங்கின் வாலையும் கவனியுங்கள். பகிரப்பட்டு வரும் முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஏதோ இருக்கும். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் அது யார் பகிர்ந்தது என்பதோடு நீங்கள் திறந்ததை இணைக்கும் அடையாளம். ஃபேஸ்புக்கிலிருந்து வெளியே போகும் லிங்கிலும் அப்படி ஒரு வால் உண்டு. கேள்விக்குறியிலிருந்து அழித்துவிட்டுத் திறக்கலாம், பக்கம் வரும். சில இடங்களில் மட்டும் அழிக்கக் கூடாது. யூடியூபின் நீள முகவரியில் கேள்விக்குறிக்கு அடுத்து 'வி' என்று தொடங்குவது வீடியோவின் எண். ஃபேஸ்புக்கின் பழைய பாணி முகவரியில் 'ஸ்டோரி' என்று வந்தால் பதிவின் எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும்.

கணக்கு இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். ஐபி முகவரி, பிரவுசர் விவரம், எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் என்பது தளத்துக்குத் தெரியும். இன்காக்னிட்டோ உங்கள் போனில் தடம் விடாமல் பார்த்துக்கொள்ளும், தளத்தை நடத்துபவர்களிடமிருந்து மறைக்காது. ஆனால் பெயரும் நம்பரும் தொடர்புப் பட்டியலும் கொடுக்காமல் இருப்பது பெரிய வித்தியாசம்தான்.

'பெயர் தெரியாமல் ஸ்டோரி பார்க்கலாம்' என்று அழைக்கும் தளங்களை விட்டுவிடுங்கள். விளம்பரக் குப்பை ஒரு பக்கம், பாஸ்வேர்டு கேட்பவை இன்னொரு பக்கம். செயலிக் கோப்பை இறக்கச் சொன்னால் அங்கேயே மூடிவிடுங்கள்.

ஹோம்ஸ்டே பக்கத்தைப் பார்த்து முன்பணம் கட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லாகின் இல்லாதவருக்குக் கமெண்ட்கள் முழுதாகத் தெரியாது, ஏமாந்தவர் எழுதிய புகார் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் உள்ள படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு வேறு ஊர் விடுதியின் படமா என்று பாருங்கள். லேண்ட்லைன் இருந்தால் அதற்குப் பேசுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசு இணையதளத்தில் அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் மோசடி.

மழை நாளில் இந்தக் கதவுகள் எல்லாம் ஒன்றாக மூடிக்கொண்டாலும் செய்தி கிடைக்கும். மாவட்ட இணையதளத்தில் செய்தி வெளியீடுகள் லாகின் கேட்காமல் திறக்கும். மலை ரயில் ரத்து ரயில்வேயின் வண்டி விசாரணைத் தளத்தில் வரும். கொடைக்கானல் எஃப்எம் 100.5க்கு இணையமே வேண்டாம். பாதை அடைப்பா, மரம் விழுந்ததா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பக்கத்து மாவட்டத்தில் நின்றுகொண்டு அடித்தால் அந்த மாவட்டத்துக்குப் போகலாம், அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து அடிப்பவர்கள் முன்னால் ஊட்டியின் எஸ்டிடி கோடு 0423 சேர்த்துக்கொள்ளுங்கள்.