பானெட் ஏன் சூடாக இருந்தது?

கார் ஓட்டக் கற்றுப் பல வருடம் ஆகியும் சொந்தமாக ஒன்று வாங்கியதில்லை. புதிதாக வாங்கக் கை எட்டவில்லை. முகம் தெரியாத ஆளிடம் நேரடியாக வாங்கப் பயம். பழைய கார் விற்கும் ஷோரூமுக்கே போனால், நாளைக்கு ஏதாவது என்றால் போய் நிற்க ஒரு வாசலாவது இருக்குமே என்று நினைத்தேன்.

முதல் நாள் தனியாகப் போனதுதான் தப்பு. மெழுகு போட்டுப் பளபளவென்று நின்ற வெள்ளை ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்த்ததும் மனசு அதிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. 2019 தயாரிப்பு, மீட்டரில் 38,000 கிலோமீட்டர். உள்ளே புதுக் கார் வாசனை. அந்த வாசனை பாட்டிலில் கிடைக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. "சாயங்காலம் இன்னொருத்தர் பார்க்க வர்றார் சார், அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கே நிறுத்தி வெச்சிடலாம்" என்றார் விற்பனைப் பையன். பர்ஸை எடுத்தேவிட்டேன். ஏதோ தோன்றி, என் பைக்கைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்களா?"

இல்லை. நான் போகும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக் காலையில நானும் வர்றேன். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அண்ணன் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் என் கையைப் பிடித்து வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. அந்தப் பக்கம் வெயிலே வரவில்லை. "இடம் மாத்திப் போட்டோம் சார்" என்றார்கள். இருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் சைலன்சரில் நீலப் புகை எட்டிப் பார்க்கும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில நொடி கடகடக்கும். சூடேறிவிட்டால் பாதி சத்தம் அடங்கிவிடும்.

நாலு டயரும் நன்றாகத்தான் இருந்தன. அண்ணன் குனிந்து, பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். 1421. அதாவது 2021-ஆம் வருடம் 14-வது வாரம் செய்த டயர். "ஓடினதே 38,000-ங்கிறாங்க. ரெண்டு வருசத்துலேயே நாலு டயரும் ஏன் மாறிச்சு?" பிரேக் பெடலின் ரப்பரும் 38,000-க்கு மீறி வரி அழிந்து வழவழவென்றிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார். பழுது ஒன்றும் இல்லை என்று காட்டியது. எனக்குச் சந்தோஷம், அவருக்கு இல்லை. கார் தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பாதி முடியாமல் நின்றன. பழுதுக் குறியீடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அவை முதலிலிருந்து தொடங்கும். கொஞ்ச நாள் ஓட்டினால்தான் முடியும். சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டதாம்.

தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. எல்லாம் ஒரே வண்டியிலா? கிளம்பிவிட்டோம். வீடு வரும்வரை எனக்கு அழுகை வராத குறை.

மூன்று வாரம் கழித்து வேறொரு ஷோரூமில் கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒன்று. அந்த வெள்ளைக் காரைவிட ஒரு வருடம் பழையது, 52,000 ஓடியது, பம்பரில் கீறல், பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பானெட் சில்லென்று இருந்தது. சர்வீஸ் பில்கள் வரிசையாக இருந்தன. அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவும்போது யாரும் அதுவரை இழுப்பதில்லையாம். "டிக்கியை நான் பார்த்துக்கிறேன்" என்று நானும் பெருமையாகப் போய் ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது.

அப்புறம் மேசைக்கு வந்தோம். என்னைக் கேட்டால் கார் பார்ப்பதைவிட இதுதான் கஷ்டம். நான் விலை கேட்டால் விற்பனையாளர் மாதத் தவணை சொல்கிறார். தவணை அதிகம் என்றால் உடனே குறைத்துவிடுகிறார். குறைந்தது எப்படி என்று பார்த்தால் 36 மாதம் 60 ஆகியிருக்கிறது. கடைசியில் அவர் பேனாவையே வாங்கி, வட்டியோடு மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று தாளில் பெருக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. கூடுதல் வாரண்டி வேண்டுமா என்றார். கிளட்ச், பிரேக் பேட் மாதிரித் தேயும் சாமான் எதுவும் அதில் சேராது என்று சிறிய எழுத்தில் இருந்தது, வேண்டாம் என்றேன். இரண்டாவது சாவி "அப்புறம் வரும்" என்றார்கள். எந்தத் தேதிக்குள் என்று ரசீதிலேயே எழுதச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் எழுதினார்கள். சாவியும் வந்தது.

கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு சின்னச் சிக்கல். தாளில் இருந்த 17 இலக்க அடையாள எண்ணை (எண்ணும் எழுத்தும் கலந்தது) வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். விற்பனைத் தாளில் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' என்று தட்டச்சாகியிருந்தது. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பக் கூடாதென்றே அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவதில்லை. ஒரு எழுத்துதானே என்றார்கள். பெயர் மாற்றத்தின்போது அந்த ஒரு எழுத்துக்கு நான்தானே அலைய வேண்டும்? திருத்தி வாங்க இரண்டு நாள் ஆனது.

மூன்றாவது மாதம் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிற தைரியத்தில் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால், ஜாக்கி இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"டிக்கியை நீங்க பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே" என்றார்.