டிரைவரை எங்கே வைப்பது?

வெளிச்சத்தை அளக்கும் ஒரு குட்டி சென்சாருக்கு டிரைவர், அதாவது அதை கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் புரோகிராம், எழுதி முடித்தேன். இருநூறு சொச்சம் வரிதான். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று முடிவு செய்யவே இரண்டு நாள் ஆகிவிட்டது.

சென்சார் சிப் ஐ-டூ-சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒருவகைக் கம்பி இணைப்பு) இருக்கிறது, அதனால் அந்த ஃபோல்டருக்குத்தான் முதலில் கை போனது. தப்பு. அது பஸ்ஸையே இயக்கும் புரோகிராமுக்கான இடம். எந்தக் கம்பி வழியாகப் பேசுகிறது என்பதல்ல, என்ன வேலை செய்கிறது என்பதுதான் கணக்கு. போர்டின் சூட்டையும் விசிறி வேகத்தையும் கண்காணித்தால் ஹெச்டபிள்யூமான் (ஹார்ட்வேர் கண்காணிப்பு) ஃபோல்டர். ஒளியை அளந்தால் இப்படிப்பட்ட சென்சார்களுக்கான ஐஐஓ ஃபோல்டர்.

சரி, எதிலும் சேராதவற்றுக்கான மிஸ்க் ஃபோல்டரில் போட்டால் என்ன என்று தோன்றும். அங்கே போட்டால் அளவைக் காட்டும் ஃபைலின் பெயர், அலகு எல்லாம் நானே வைத்ததாக இருக்கும். யாராவது அதை நம்பி புரோகிராம் எழுதிவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாது. ஐஐஓ-வில் ஒளி என்றால் பெயர் ஏற்கெனவே முடிவானது, அலகு லக்ஸ். சிப் எதுவென்றே தெரியாத புரோகிராமும் படித்துக்கொள்ளும். இதற்காகவே இரண்டு நாள் போனது சரிதான் என்று படுகிறது.

மின்சாரம், கடிகாரம், சார்ஜர் எல்லாம் ஒரே சிப்பில் வந்தால், பல வேலை சிப்புகளுக்கான எம்எஃப்டி என்ற பகுதி அதைப் பிரித்து அந்தந்த இடத்துக்கு அனுப்பும். நல்லவேளை, என்னுடையது ஒரே வேலைக்காரன்.

இன்று ஐஐஓ-வின் லைட் ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டேன். நாளை இந்த மாற்றத்தை பேட்ச்சாக கெர்னலில் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.