மவுஸ் இல்லாமல் ஒரு சாமான் நோட்டு

3 ஜூலை 2025, வியாழன்

பள்ளத்தூர் வேலை இன்று ஆரம்பம். ஆச்சி வீட்டுச் சாமான் நோட்டுகளைப் பார்த்து டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கல்யாணச் சீராக வந்தது, ரங்கூனிலிருந்து வந்தது, வீட்டுக்கு வாங்கியது என்று அண்டா முதல் கொட்டான் வரை எல்லாம் அதில் இருக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். யார் போனில் திறந்தாலும் எழுத்து குலையாமல் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அதனால் வேர்ட் வேண்டாம், வெறும் நோட்பேடே போதும் என்று சொல்லிவிட்டேன். விண்டோஸின் முதல் பதிப்பு 1985இல் வந்தபோதே கூட வந்தது அது. என் லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் 10 நோட்பேடுக்கு அலங்காரம் ஒன்றும் தெரியாது, எழுத்தை மட்டும் வைத்திருக்கும். இந்த வேலைக்கு அது போதும்.

நோட்டு வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார் ஆச்சி. சரி என்று காரைக்குடியிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டாலையில் உட்கார இடம் கொடுத்தார். மேசை என்று கிடைத்தது கணக்குப்பிள்ளை காலத்துச் சாய்வுப் பெட்டி. லேப்டாப் நிற்கிறது, மவுஸ் நிற்கமாட்டேன் என்கிறது. வைத்த இடத்திலிருந்து வழுக்கி ஆத்தங்குடிக் கல்லில் போய் விழுகிறது. டச்பேட் போன வருஷமே செத்துவிட்டது. மவுஸைப் பைக்குள் போட்டேன். இனி எல்லாமே விசைப்பலகைதான்.

4 ஜூலை, வெள்ளி

கூட வந்திருக்கும் பெண் அழகப்பாவில் படிக்கிறாள். வேகமாக அடிப்பாள், ஆனால் எதற்கெடுத்தாலும் கை மவுஸைத் தேடும். “அக்கா, ஷார்ட்கட் லிஸ்ட் பிரிண்ட் எடுத்துத் தாங்க, ஒட்டி வச்சுக்கிறேன்” என்றாள். தரவில்லை. பட்டியலை ஒட்டினால் கண் பட்டியலுக்குத்தான் போகும், கை பழகாது. அன்றைக்கு எது தேவையோ அது மட்டும். இன்றைக்குக் கண்ட்ரோல் + எஸ். ஒரு வரி முடிந்து எண்டர் தட்டியதும் சேமி, அவ்வளவுதான்.

நாங்கள் அடிப்பது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. எஸ் விசை அதில் ‘இ’. “தமிழ்ல இருக்கும்போது கண்ட்ரோல் + எஸ் அடிச்சா இ விழுந்துடாதா?” என்று கேட்டாள். விழாது. கண்ட்ரோலைப் பிடித்துவிட்டால் விண்டோஸ் அந்த விசையைப் பழைய எஸ்ஸாகவே எடுத்துக்கொள்கிறது, மொழி மாற்ற வேண்டியதில்லை. இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேமித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேடலுக்கான எஃப், தமிழ்99இல் மெய்யெழுத்துப் புள்ளி. இடது ஆள்காட்டி விரல் எப்போதும் அங்கேதான் கிடக்கும். கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் இசட், ‘ஔ’. அந்த விசைக்கு வேறு பிழைப்பு ஏது?

7 ஜூலை, திங்கள்

இன்று திருத்தம் மட்டும். பேக்ஸ்பேஸும் டெலீட்டும் தமிழில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆங்கிலத்தில் அடிப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

‘தூக்கு’ என்று அடித்துவிட்டு ஒரு பேக்ஸ்பேஸ் தட்டினால் ‘கு’ போகாது, உகரம் மட்டும் கழன்று ‘தூக்க’ என்று நிற்கும். இன்னொன்று தட்டினால்தான் ககரம் போகும். அதே ‘கு’வுக்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் தட்டினால் எழுத்து முழுசாகப் போய்விடும். உள்ளே ககரம் ஒரு குறி, உகரம் ஒரு குறி. பேக்ஸ்பேஸ் குறி குறியாகப் பின்னால் வரும், டெலீட் எழுத்து எழுத்தாக விழுங்கும். ஸ்ரீக்கு நாலு பேக்ஸ்பேஸ் வேண்டும், டெலீட் ஒன்று போதும்.

குறில் நெடில் தப்பினால் பேக்ஸ்பேஸ்தான் வசதி. ‘குடம்’ ‘கூடம்’ ஆகிவிட்டால் ‘கூ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து, உயிரை மட்டும் தட்டிவிட்டு மாற்றிப் போடலாம். வார்த்தையே தப்பு என்றால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பேக்ஸ்பேஸ், வார்த்தையோடு போய்விடும். பழைய நோட்பேடில் இப்படிச் செய்தால் ஒரு கட்டம்தான் விழும். 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து சரியாகிவிட்டது.

ஒரே மாதிரி வரிகள் நிறைய வருகின்றன. பித்தளைக் கிடாரம் பெரிது, பித்தளைக் கிடாரம் நடு, பித்தளைக் கிடாரம் சிறிது. வரியின் தொடக்கத்துக்குப் போக ஹோம், வரி முழுவதையும் தேர்ந்தெடுக்க ஷிஃப்ட் + எண்ட், காப்பி எடுக்கக் கண்ட்ரோல் + சி. அடுத்த வரிக்குப் போய் ஒட்டக் கண்ட்ரோல் + வி. அந்தப் பெண்ணுக்கு இதை ஆரம்பித்து வைத்தவர்கள் கதையையும் சொன்னேன். 1970களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்று இரண்டு பேர் ஜிப்ஸி என்ற எடிட்டரைச் செய்தார்கள். வெட்டி ஒட்டும் இந்த முறை அதில்தான் உருவானது. டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போய், 2020இல் காலமானார். “ஜெராக்ஸ் கம்பெனிக்காரங்களேதான் காப்பியும் கண்டுபிடிச்சாங்களா!” என்று அவள் சிரித்த சிரிப்பில் ஆச்சி இரண்டாங்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

8 ஜூலை, செவ்வாய்

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரி இருந்தவரை அடித்தோம். ஆச்சி கொடுத்த கந்தரப்பம் நன்றாக இருந்தது.

10 ஜூலை, வியாழன்

மூத்த நோட்டுக்கு வந்தாயிற்று. இதில் 1, 2 கிடையாது, எல்லாம் தமிழ் எண்தான். ௨௱௩௰௪ என்றால் 234. வரவுக்கு ஒரு குறி, பற்றுக்கு ஒரு குறி, மேற்படிக்கு ஒரு குறி, ரூபாய்க்கு ஒரு குறி. “உள்ளது உள்ளபடி வரணும் ஆத்தா. ஐயா எழுதுனதை நாம மாத்தக்கூடாது” என்பது ஆச்சியின் உத்தரவு.

நல்ல வேளையாக வரவு ௷, பற்று ௶, மேற்படி ௸, ரூபாய் ௹ எல்லாம் 2003இலேயே யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலில், ஏறிவிட்டன. அரைக்கால், மாகாணி, முந்திரி வகைப் பின்னக் குறிகள் 2019இல்தான் ஏறின. அவற்றைக் காட்டும் எழுத்துரு எல்லார் போனிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆச்சியிடம் சொல்லிப் பின்னங்களை மட்டும் வார்த்தையாக எழுத அனுமதி வாங்கினேன்.

பக்கத்துக்குப் பக்கம் மேற்படி. ஒவ்வொரு தடவையும் விண்டோஸில் குறிகளைத் தேடி எடுக்கும் கேரக்டர் மேப்பைத் திறந்து எடுத்துப் போட்டால் ஆவணி வந்துவிடும். அதனால் அடிக்கும்போது மேற்படிக்கு #ம, வரவுக்கு #வ, பற்றுக்கு #ப, ரூபாய்க்கு #ர என்று போட்டுக்கொண்டே போனோம். கை நிற்கவே இல்லை. மாலையில் கண்ட்ரோல் + எச், ஒன்றைத் தேடி இன்னொன்றாக மாற்றும் பெட்டி. மேல் பெட்டியில் #ம, டேப் தட்டிக் கீழ்ப் பெட்டியில் ௸, அப்புறம் ‘எல்லாவற்றையும் மாற்று’. இத்தனை மேற்படியும் ஒரே தட்டில் மாறியதைப் பார்த்து அந்தப் பெண் கைதட்டினாள்.

மாற்றுவதற்கு முன் கண்ட்ரோல் + எஸ் கட்டாயம். விண்டோஸ் 10 நோட்பேடில் கண்ட்ரோல் + இசட் ஒரு படிதான் பின்னால் போகும், மறுபடி தட்டினால் போன இடத்துக்கே திரும்பி வந்துவிடும். மாற்றியது பிசகிவிட்டால் அதை நம்பாமல், சேமிக்காமல் மூடித் திறப்பதே மேல். ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் என்கோடிங், அதாவது எழுத்தைச் சேமிக்கும் முறை, யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ் தெரியாத பழைய முறையான ஆன்சி என்று சேமித்தால் ஐயாவின் கணக்கு முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

13 ஜூலை, ஞாயிறு

ஆச்சி வீட்டுக் கடிதங்களை முன்பே யாரோ ஒரு கடையில் அடித்து வாங்கியிருக்கிறார்கள். சாமான் பட்டியலின் முதல் பகுதியும் அதே கோப்பில் இருக்கிறது. அதையும் சரிபார்த்துச் சேர்க்கச் சொன்னார்கள்.

எல்லாக் கடிதமும் ‘இவ்விடம் அனைவரும் சௌக்கியம்’ என்றுதான் தொடங்குகிறது. கண்ட்ரோல் + எஃப் போட்டுச் சௌக்கியத்தைத் தேடினால் பாதிக் கடிதத்தில் இல்லை என்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை. அடித்தவர் ‘சௌ’ போடாமல், ‘செ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறார். அச்சில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடிதங்களில் வரும் பர்மா ஊர் மௌல்மேனுக்கும் அதே கதி.

“செள, மெள, கெள, வெள எல்லாத்தையும் மாத்திடலாம்க்கா, ஒரே நிமிஷம்” என்று அவள் கண்ட்ரோல் + எச்சில் கை வைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். செட்டிநாட்டு வீட்டுச் சாமான் பட்டியலில் ‘வெள’வை மாற்றினால் என்ன ஆகும்? வெள்ளிக் குத்துவிளக்கு, வெள்ளிச் சொம்பு, வெள்ளித் தட்டு அத்தனையும் பாழ். ‘தெள’வில் கை வைத்தால் தெளிவு போகும். முழு வார்த்தையாகக் கொடுத்து மாற்று, அதுவும் ‘அடுத்ததைத் தேடு’, பார், ‘மாற்று’ என்று ஒவ்வொன்றாகப் போ என்றேன். முகம் சுருங்கினாலும் செய்தாள். உயிர்மெய் இரண்டு துண்டாகச் சேருகிற நம் எழுத்தில், கண்ணை மூடிக்கொண்டு ‘எல்லாவற்றையும் மாற்று’ தட்டுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். #ம மாதிரி நாமே போட்ட அடையாளம் என்றால் சரி.

இதே கோப்பில் ‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’வும் உண்டு. ‘ஜாடி’ சில இடத்தில் ‘ஜரடி’. இதற்குக் குறுக்குவழி கிடையாது, ஜாடியைத் தேடுகிற மாதிரியே ஜரடியையும் தேடிப் பார்க்க வேண்டும்.

17 ஜூலை, வியாழன், ஆடி 1

அடித்தது முடிந்தது. ஆச்சி சோதித்துப் பார்க்க வந்து உட்கார்ந்தார்.

“ரங்கூன் அண்டா எதுல இருக்கு, சொல்லு.”

கண்ட்ரோல் + ஹோம் தட்டி மேலே போனேன். கண்ட்ரோல் + எஃப், ‘ரங்கூன் அண்டா’, எண்டர். மூத்த நோட்டுப் பகுதியில் நின்றது. எஸ்கேப் தட்டிப் பெட்டியை மூடிவிட்டு எஃப் 3. அடுத்த நோட்டிலும் ஒன்று. இன்னொரு எஃப் 3, இல்லை என்றது.

“ரெண்டாவது எப்படி வந்துச்சு? அது சின்னவ கல்யாணத்துக்குச் சீராப் போயிருச்சே” என்றார். அப்படியானால் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “அழிக்கிறதாவது! எழுதுனது இருக்கட்டும். போயிருச்சுன்னு பக்கத்துல எழுது, தேதியோட.”

எண்ட் தட்டி வரியின் கடைசிக்குப் போய், ‘சின்னவர் கல்யாணச் சீரில் போனது, ஆச்சி சொல்படி’ என்று அடித்து எஃப் 5. அன்றைய நேரமும் தேதியும் தானாக விழுந்தன. “இதென்ன, அதுவே எழுதுது?” என்று கேட்டு, இன்னொரு தடவை தட்டிக் காட்டச் சொன்னார். ஆச்சி சொல்லும் திருத்தங்களுக்கென்று தனிக் கோப்பு ஒன்று போட்டுவிட்டேன். முதல் வரியில் ஒரு புள்ளியும் எல், ஓ, ஜி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தும் அடித்துச் சேமித்துவிட்டால், திறக்கும்போதெல்லாம் நோட்பேட் தேதி போட்டுக் கடைசி வரியில் கொண்டுபோய் நிறுத்தும். பேரன் சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருகிறானாம். கண்ட்ரோல் + எஃப், எஃப் 3, கண்ட்ரோல் + எஸ் மூன்றை மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மீதியை அவனே கண்டுபிடித்துக்கொள்வான்.